நம்ம தெருவுக்கு நடைபாதை கேக்கப் போறீங்களா? மொதல்ல ரோடு யாருதுன்னு பாருங்க

எங்க ஏரியால ஒரு ஸ்கூல் ரோடு இருக்கு. காலைல எட்டே முக்காலுக்கு அங்க போய் நின்னு பாத்தீங்கன்னா ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் வரிசையா பைக்கு, நடுவுல ஷேர் ஆட்டோவும் டவுன் பஸ்ஸும், பிள்ளைக அந்த வாய்க்கா மூடி மேலயே கால வச்சு கால வச்சு போகுங்க, மூடி இல்லாத எடம் வந்தா ரோட்டுல எறங்கும், அந்த எறங்குற ரெண்டு செகண்டு பாக்குற நமக்கு திக்குனு இருக்கும். சரி நடைபாதை கேப்போம்னு நாலஞ்சு பேரு சேந்து ஒரு ஆபீஸ்ல மனு குடுத்தோம். ஏழு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு, ஒரே வரி: "மேற்படி சாலை இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் இல்லை." அம்புட்டுதான். இத மனு வாங்குன அன்னைக்கே வாயால சொல்லிருக்கலாம், சரி விடுங்க.

அதுக்கப்புறம் அலைஞ்சு திரிஞ்சு தெரிஞ்சுக்கிட்டத எழுதுறேன். மதுரையிலயோ சுத்துப்பட்டு ஊர்லயோ மொத தடவ இந்த சோலிய கையில எடுக்குறவங்களுக்கு, எங்களுக்குப் போன ஏழு மாசம் உங்களுக்குப் போக வேணாம்.

ஒரு விசயத்த மொதல்லயே சொல்லிர்றேன். நடைபாதைக்கு மானியம்னு தனியா ஒரு ஃபாரம் இருக்கும், அத ஃபில் பண்ணிக் குடுத்தா காசு வரும்னு நெனச்சுட்டு வர்றவங்க நெறைய பேரு, நானும் அப்படித்தான் போனேன். அப்படி ஒண்ணு கெடையாது. பணம் உங்க கைக்கோ உங்க சங்கத்து கணக்குக்கோ வராது, ரோட்டுக்கு சொந்தக்கார ஆபீஸுக்குத்தான் போகும், ஏற்கனவே வேற வேற பேருல இருக்குற நிதில எதுலயாச்சும் உங்க 100 மீட்டர ஒட்ட வைக்கணும், அதுதான் நம்ம வேலை. ஒரு ஏ.இ (உதவிப் பொறியாளர்) என்கிட்ட சொன்னாரு, "சார் எஸ்டிமேட்டு நான் ஒரே நாள்ல போட்டுருவேன், எந்த ஹெட்ல போடுறதுன்னு சொல்லுங்க". இந்த 'எந்த ஹெட்டு', அதாவது எந்த நிதிக் கணக்குலங்கிற கேள்விக்கு பதில் தெரியாம போனா மனு ஃபைல்லயே தூங்கும்.

ரோடு யாருது

மதுரை மாநகராட்சில 100 வார்டு, 5 மண்டலம். ஆனா சிட்டிக்குள்ள ஓடுற எல்லா ரோடும் மாநகராட்சிது இல்ல. தெரு, சந்து, மாசி வீதி மாதிரி உள் ரோடெல்லாம் மாநகராட்சி, பெரிய ரோடு பல எடத்துல மாநில நெடுஞ்சாலைத்துறை, பைபாஸ், நத்தம் ரோடு மாதிரி எடத்துல தேசிய நெடுஞ்சாலை. ஒரே ரோடு ஒரு சிக்னல் வரைக்கும் ஒருத்தர்து, அதத் தாண்டுனா இன்னொருத்தர்துன்னும் இருக்கும். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சி, அலங்காநல்லூர், சோழவந்தான் மாதிரி ஊரு பேரூராட்சி, கிராமம்னா ஊராட்சி ரோடா ஊராட்சி ஒன்றிய ரோடான்னு பாக்கணும்.

ஊருக்கு வெளிய ஈசியான வழி ஒண்ணு இருக்கு, கிலோமீட்டர் கல்லப் பாருங்க. தலை மஞ்சள்னா தேசிய நெடுஞ்சாலை, பச்சைன்னா மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சுன்னா கிராம சாலைத் திட்டத்துல போட்டது. சிட்டிக்குள்ள கல்லு இருக்காது, இருந்தாலும் மேல போஸ்டர் ஒட்டிருப்பாய்ங்க. அங்க ஆர்டிஐதான், அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல கேக்குறது. வெள்ளைப் பேப்பர்ல எழுதி 10 ரூவா கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு பதிவுத் தபால்ல அனுப்புங்க, 30 நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும், சொல்லலைன்னா மேல்முறையீடு. தப்பான ஆபீஸுக்கு போயிருந்தாக்கூட சரியான ஆபீஸுக்கு அவங்களே மாத்தி அனுப்பணும்னு அந்த சட்டத்துலயே இருக்கு, சாதாரண மனுவுக்கு அந்த கதி இல்லங்கிறது எங்க ஏழு மாசமே சாட்சி.

ஆர்டிஐல சும்மா "ரோடு யாருது"ன்னு மட்டும் கேக்காதீங்க. இந்த எடத்துலருந்து இந்த எடம் வரைக்கும் உள்ள ரோடு எந்தத் துறை பராமரிப்புல இருக்கு, பதிவேட்டுல அதோட அகலம் என்ன, கடைசியா எப்ப ரோடு போட்டாங்க, அடுத்து ரோடு போடவோ வடிகால் கட்டவோ எஸ்டிமேட்டு ஏதும் இருக்கா, இந்த நாலையும் சேத்து கேளுங்க. கடைசி கேள்விதான் தங்கம், ஏன்னு அப்புறம் சொல்றேன். அகலம் எதுக்குன்னா, பதிவேட்டுல 12 மீட்டர்னு இருக்கும், போய் அளந்தா 8 தான் இருக்கும், மிச்சம் எங்க போச்சுன்னு கேட்டா ஊரே பதில் சொல்லும்.

அளக்கணும், எண்ணணும்

ஒரு மேஸ்திரிகிட்ட 30 மீட்டர் டேப்பு வாங்கிக்கோங்க, ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு போனா கூட்டம் இருக்காது. பத்து மீட்டருக்கு ஒரு தடவ ரோட்டு அகலம், ஓரத்துல எவ்வளவு எடம், வாய்க்கா இருந்தா அதோட அகலம், கரண்ட் போஸ்ட்டு, டிரான்ஸ்பார்மர், மரம், குடிதண்ணி வால்வு எங்கெங்க நிக்குதுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு குறிங்க. அழகா இருக்கணும்னு இல்ல, எங்க படத்த வரைஞ்சது ஒன்பதாவது படிக்கிற பையன்.

அளவுக்கு ஒரு கணக்கு தெரிஞ்சு வச்சுக்கோங்க. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, ரோடு எப்படி இருக்கணும்னு விதி எழுதுறது அவங்கதான், இன்ஜினியருங்க எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. அதுல ஐஆர்சி 103ங்கிறது நடக்குறவங்களுக்கானது, ஐஆர்சி 11 சைக்கிளுக்கானது. நடைபாதைல தடங்கல் இல்லாம நடக்க 1.8 மீட்டராச்சும் வேணும், கடைவீதின்னா இன்னும் அதிகம், ரோட்டுலருந்து உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. நம்ம ஊருல ஒண்ணரை அடி, ரெண்டு அடி உயரத்துக்கு கட்டி வச்சிருப்பாங்க, எங்க அப்பத்தா மாதிரி முட்டிவலிக்காரங்க அதுல ஏறவே மாட்டாங்க, கீழ ரோட்டுலயேதான் நடப்பாங்க. மனுல இந்த நம்பர எழுதுனீங்கன்னா எதிர்ல உக்காந்திருக்கவரு கொஞ்சம் நிமிந்து உக்காருவாரு, இது நான் கண்ணால பாத்தது.

அடுத்து எண்ணுறது. ஒரே எடத்துல நின்னு காலைல எட்டுலருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலுலருந்து அஞ்சரை, ரெண்டு மூணு வேலை நாள் எண்ணுங்க. நடந்து போறவங்க எத்தன பேரு, சைக்கிள் எத்தன, அதுல யூனிஃபார்ம் போட்ட பிள்ளைக எத்தன, வயசானவங்க எத்தன, கையில கவுண்டர் மெஷின் எல்லாம் வேணாம், நாலு கோடு போட்டு அஞ்சாவது குறுக்க போடுற பழைய முறையே போதும். கார எண்ணாதீங்க, அத எண்ணிச் சொல்ல ஆயிரம் பேரு இருக்காங்க. அப்புறம் ஃபோட்டோ, பிள்ளைக மொகம் தெரியாம பின்னாடிலருந்து எடுங்க.

விபத்து கணக்கும் இருந்தா நல்லது. காவல் துறைக்கு தனியா ஒரு ஆர்டிஐ போட்டு அந்த ரோட்டுல மூணு வருசத்துல எத்தன விபத்து, எத்தன பேரு நடந்து போனவங்க, சைக்கிள்ல போனவங்கன்னு எண்ணிக்கை மட்டும் கேளுங்க, பேரு கேட்டா தர மாட்டாங்க, நமக்கும் தேவையில்ல.

என்ன கேக்கணும், எவ்வளவு கேக்கணும்

இங்கதான் நம்ம ஆளுக கோட்டை விடுறது. எடுத்த எடுப்புல "முழு ரோட்டுக்கும் ரெண்டு பக்கமும் நடைபாதை, சைக்கிள் டிராக்கு, மரம், பெஞ்சு"ன்னு கேட்டா அது எஸ்டிமேட்டுக்கே போகாது. சின்னதா கேளுங்க. ஸ்கூல் கேட்டுலருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், அவ்வளவுதான்.

நம்ம ஊரு நடைபாதையோட ரகசியம் என்னன்னா, முக்காவாசி நடைபாதை நடைபாதையா பொறக்கல, மழைநீர் வடிகாலா பொறந்து மேல ஸ்லாப் போட்டதால நடைபாதை ஆனது. அதனாலதான் வடிகால் எஸ்டிமேட்டு இருக்கான்னு ஆர்டிஐல கேக்கச் சொன்னேன். வடிகால் வேலை வருதுன்னு தெரிஞ்சா தனி நிதியே தேட வேணாம், ஸ்லாப்ப சமமா போடுங்க, அகலத்த 1.8க்கு கொண்டு வாங்க, உயரத்த 15 சென்டிமீட்டர்ல நிறுத்துங்க, வீட்டு வாசல்ல சரிவு குடுங்கன்னு கேட்டா போதும், அதுக்கு ஆகுற கூடுதல் செலவு கொஞ்சம்தான். டெண்டர் போனதுக்கப்புறம் கேட்டா முடியாது, எஸ்டிமேட்டு போடுறப்பவே போய் நிக்கணும்.

சைக்கிளுக்கு வர்றேன். என் கருத்து, சிம்மக்கல்லு, விளக்குத்தூண் மாதிரி நெருக்கடியான எடத்துல தனி சைக்கிள் டிராக்கு கேக்குறது வீண், ஐஆர்சி 11 படி டிராக்குக்கு 2 மீட்டர் வேணும், அங்க எங்க போறது, அப்படியே பெயிண்ட் அடிச்சு விட்டாலும் மறுநாளே அது பைக் பார்க்கிங் ஆயிரும். அதுக்கு பதிலா ஸ்கூல் பக்கம் வேகத்தடை, சந்திப்புல ஸீப்ரா கிராசிங், பஸ் ஸ்டாண்டுல சைக்கிள் ஸ்டாண்டு, இதுகள கேளுங்க. கிராமத்துப் பக்கம் கதையே வேற. பதினொண்ணாவது படிக்கிற பிள்ளைகளுக்கு அரசாங்கமே சைக்கிள் குடுக்குது, 2001ல எஸ்சி எஸ்டி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு பின்னாடி எல்லாருக்கும்னு ஆச்சு, அந்தப் பிள்ளைக பக்கத்து ஊரு மேல்நிலைப் பள்ளிக்கு மெயின் ரோட்டு ஓரத்துல லாரிக்கும் முள்ளுச்செடிக்கும் நடுவுலதான் ஓட்டுதுங்க. அங்க கேக்க வேண்டியது தார் போட்ட ஷோல்டர், அதாவது ரோட்ட ஒட்டி ஓரத்துல விடுற பட்டை. "அரசு வழங்கும் மிதிவண்டியை ஓட்ட அரசு சாலையில் இடம் இல்லை"ன்னு மனுல ஒரு வரி எழுதிப் பாருங்க, ஒருத்தராலயும் மறுத்துப் பேச முடியாது.

கடைக்காரங்க விசயம். ஓரத்துல பூ விக்கிற அக்கா, சாயங்காலம் இட்லிக் கடை போடுற அண்ணே, இவங்கள தூக்கணும்னு எழுதிக் குடுத்தீங்கன்னா பாவம்ங்கிறது ஒரு பக்கம், வேலையும் நடக்காது. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் இருக்கு, நகர விற்பனைக் குழுவக் கேக்காம அவங்கள சும்மா எடுக்க முடியாது. எங்க படத்துல நடக்க 1.8 மீட்டர் விட்டுட்டு மிச்ச எடத்துல கடைன்னு தனியா கட்டம் போட்டோம், அவங்களும் கையெழுத்து போட்டாங்க. எதுத்தது யாருன்னா வீட்டு வாசல்ல ரோட்ட மறிச்சு சாய்தளம் கட்டி கார் நிறுத்துறவங்க, அவங்கள்ல ரெண்டு பேரு எங்க வாட்ஸ்அப் குரூப்லயே இருந்தாங்க.

எந்த ஹெட்டு

இப்ப அந்த ஏ.இ கேட்ட கேள்வி. எனக்குத் தெரிஞ்ச வழியெல்லாம் சொல்றேன், உங்க ரோடு யாருதுங்கிறத பொறுத்து எடுத்துக்கோங்க.

எம்எல்ஏ நிதி, தொகுதி மேம்பாட்டு நிதின்னு எழுதுவாங்க, ஒரு தொகுதிக்கு வருசத்துக்கு 3 கோடி. எம்பி நிதி 5 கோடி, ஆனா அது ஆறு தொகுதிக்குப் பிரியும், அதனால சின்ன நடைபாதைக்கு எம்எல்ஏதான் கிட்ட. ரெண்டுலயுமே அவங்க பரிந்துரை மட்டும்தான் பண்ணுவாங்க, அனுமதி குடுக்குறது கலெக்டர் பக்கம். எடம் அரசாங்க எடமா இருக்கணும், வேலை நிலையா நிக்கிற பொதுச் சொத்தா இருக்கணும், நடைபாதை, பஸ் ஸ்டாப் நிழற்குடை இதுக்கெல்லாம் சரியா பொருந்தும். மதுரை மாவட்டத்துல 10 தொகுதி, உங்க ரோடு எந்த தொகுதின்னு பாத்துட்டுப் போங்க, எல்லைல இருக்குற ரோட்டுக்கு இவரு அவரச் சொல்லுவாரு அவரு இவரச் சொல்லுவாரு.

அடுத்தது நமக்கு நாமே திட்டம். 1997ல வந்தது, நடுவுல தன்னிறைவுத் திட்டம்னு பேரு மாறுச்சு, 2021க்கப்புறம் பழைய பேருலயே திரும்ப வந்துருச்சு. இதுல பொதுமக்கள் பங்கு போடணும், பொதுவா எஸ்டிமேட்டுல மூணுல ஒரு பங்கு, மிச்சத்த அரசாங்கம் போடும். மூணுல ஒண்ணான்னு மலைக்காதீங்க, எல்லாத்தையும் தெருக்காரங்களே போடணும்னு இல்ல, வணிகர் சங்கம், பழைய மாணவர்கள், கம்பெனி சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் காசு, யாரு வேணா போடலாம். இந்த வழில நல்லது என்னன்னா பங்குத் தொகைக்கு ஆள் ரெடின்னு கடிதத்தோட போனா உங்க ஃபைல் முன்னாடி வந்துரும். கெட்டது என்னன்னா காசுள்ள ஏரியாவுக்குத்தான் இது வேகமா நடக்கும், கரிமேட்டுலயும் செல்லூர்லயும் ஒரு தெரு மூணுல ஒரு பங்க எங்கருந்து புரட்டும்? இது திட்டத்தோட குறைன்னுதான் நான் சொல்லுவேன்.

மூணாவது ரொம்ப பேருக்குத் தெரியாதது, காத்து மாசு நிதி. 2019ல மத்திய அரசு தேசிய தூய காற்றுத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுல மதுரையும் இருக்கு. நம்ம ஊரு காத்துல கலக்குறதுல ரோட்டோரப் புழுதிக்கு பெரிய பங்கு, அந்த மண் ஓரத்துக்கு பேவர் பிளாக் போட்டு மூடுறதும் புழுதியக் கொறைக்கிற வேலைன்னு கணக்குல வரும். அதாவது நடைபாதைன்னு கேட்டா நிதி இல்ல, புழுதின்னு கேட்டா இருக்கலாம். மாநகராட்சில இந்த வருசம் அந்தக் கணக்குல என்ன வேலை எடுத்திருக்காங்கன்னு கேட்டுட்டு எழுதுங்க.

அப்புறம் நிதிக்குழு மானியம், உள்ளாட்சியோட சொந்த பொது நிதி, இதுக்கெல்லாம் கவுன்சிலர் வழியாத்தான் போகணும். நெடுஞ்சாலைத்துறை ரோடுன்னா கோட்டப் பொறியாளருக்கு எழுதி, ஒரு காப்பிய கலெக்டர் தலைமைல கூடுற மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு அனுப்புங்க, விபத்து எண்ணிக்கை இருந்தா அங்க எடுபடும். மேலூர்ப் பக்கம் கிரானைட் குவாரி பாதிச்ச ஊருன்னா மாவட்ட கனிம அறக்கட்டளை நிதின்னு ஒண்ணு இருக்கு, குவாரிக்காரங்க கட்டுற பணம், அதுல ரோடு வேலையும் எடுக்கலாம், லாரி ஓடுற ரோட்டுல பிள்ளைக நடக்க எடம் கேக்குறதுக்கு அத விட பொருத்தமான காசு எது?

மனு

ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். படம், எண்ணுன கணக்கு, ஃபோட்டோ, கையெழுத்து எல்லாம் பின்னாடி. நாங்க ரெண்டாவது தடவ எழுதுனது கிட்டத்தட்ட இப்படி:

"ஐயா, தங்கள் துறையின் பராமரிப்பில் உள்ள (தகவல் உரிமைச் சட்டப் பதில் இணைப்பு 1) மேற்படி சாலையில், பள்ளி வாசல் முதல் பேருந்து நிறுத்தம் வரை 140 மீட்டர் நீளத்திற்கு நடைபாதை இல்லை. பதிவேட்டின்படி சாலையின் அகலம் போதுமானது. காலை, மாலை நேரங்களில் நடந்தும் மிதிவண்டியிலும் செல்வோர் எண்ணிக்கை இணைப்பு 2-இல் உள்ளது. இச்சாலையில் எடுக்கப்படவுள்ள மழைநீர் வடிகால் பணியிலேயே 1.8 மீட்டர் அகலத்தில், 15 செ.மீ உயரத்திற்கு மிகாமல் நடைபாதையைச் சேர்த்து மதிப்பீடு தயாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

இவ்வளவுதான். "தாங்கள் கருணை உள்ளம் கொண்டு"ன்னெல்லாம் எழுதாதீங்க, நீங்க கேக்குறது தர்மம் இல்ல. நடக்குறவங்களுக்கு நடைபாதைங்கிறது அரசியலமைப்போட 21வது பிரிவுல வர்ற வாழும் உரிமைலயே அடக்கம்னு 2025 மே மாசம் உச்ச நீதிமன்றமே சொல்லிருச்சு, வேணும்னா அத ஒரு வரி சேருங்க. மாநகராட்சிக்கு எழுதுறவங்க இன்னொண்ணும் சேக்கலாம், சென்னை மாநகராட்சி 2014லயே நடக்குறவங்க, சைக்கிள்காரங்களுக்குன்னு தனிக் கொள்கை நிறைவேத்துனாங்க, மதுரைக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு.

மனுவ கலெக்டர் ஆபீஸ் திங்கக்கிழமை குறைதீர் கூட்டத்துல குடுங்க, ரசீது வாங்காம நகராதீங்க, அந்த நம்பர்தான் உங்க உயிரு. முதலமைச்சர் உதவி எண் 1100க்கு கூப்பிட்டும் பதியலாம். ஆனா இதெல்லாம் துணைக்குத்தான், நிஜமான வேலை நடக்குறது வார்டு கமிட்டி, ஏரியா சபைல, கிராமம்னா கிராம சபைல. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் கிராம சபை கூடும், அங்க தீர்மானப் புத்தகத்துல உங்க ரோடு பேரு ஏறிருச்சுன்னா அதுக்கப்புறம் தலைவர் மாறுனாலும், தலைவரே இல்லாம தனி அலுவலர் பாத்தாலும், தீர்மானம் தீர்மானம்தான். போட்டாங்களான்னு கேட்டுட்டு வந்துறாம நகல் வாங்குங்க.

நேரம் முக்கியம். நிதியாண்டு ஏப்ரல்ல தொடங்குது, மாமன்ற பட்ஜெட்டு அதுக்கு முன்னாடி வரும், அதனால அக்டோபர் நவம்பர்லயே ஏ.இ மேசைல உங்க பேப்பர் இருக்கணும். பிப்ரவரி மார்ச்சுல போய் புதுசா கேட்டா அவங்க இருக்குற பில்ல முடிக்கிற அவசரத்துல இருப்பாங்க, மொகம் குடுத்தே பேச மாட்டாங்க. தேர்தல் தேதி அறிவிச்சுட்டாங்கன்னா நடத்தை விதி, புது வேலைக்கு அனுமதி கெடையாது. சித்திரைத் திருவிழா நேரத்துலயும் போகாதீங்க, அது விதி இல்ல, ஆனா ஊருக்கே அன்னைக்கு வேற சோலி.

மாசம் ஒரு தடவ போய் கேளுங்க, சத்தம் போடாம, ஒரே ஆளு போகாம. ஃபைல் எங்க இருக்குன்னு கேக்குறப்ப நிர்வாக அனுமதி ஆச்சா, தொழில்நுட்ப அனுமதி ஆச்சா, டெண்டர் எப்பன்னு அவங்க பாசைலயே கேட்டா பதிலும் அதே பாசைல வரும், "பாக்குறோம்"னு வராது.

வேலை ஆரம்பிச்சப்புறம் வீட்டுல உக்காந்துறாதீங்க. எஸ்டிமேட்டு காப்பி ஒண்ண கையில வச்சுக்கிட்டு டேப்போட போய் நில்லுங்க, எங்களுக்கு முதல் 20 மீட்டர்ல உயரத்த 25 சென்டிமீட்டருக்கு ஏத்திட்டாங்க, அப்பவே சொன்னதால எறக்குனாங்க, காங்கிரீட்டு காஞ்சப்புறம் சொல்லிருந்தா ஒண்ணும் ஆகிருக்காது. ஸ்லாப்புக்கு நடுவுல சந்து விடாம பாருங்க, சைக்கிள் டயரு மாட்டும். கடைசில பைக் ஏறாம இருக்க நடைபாதை தொடங்குற எடத்துல இரும்புப் போஸ்ட்டு நடச் சொன்னோம், நட்டாங்க, நட்டப்புறம்தான் தெரிஞ்சது வீல்சேரும் பைக்கும் கிட்டத்தட்ட ஒரே அகலம்னு, ஒண்ண விட்டா இன்னொண்ணும் உள்ள வரும். ஒரு போஸ்ட்ட புடுங்கிட்டோம். இப்ப சாயங்காலம் ரெண்டு மூணு பைக் ஏறத்தான் செய்யுது, அந்த இட்லிக் கடை அண்ணேதான் வெரட்டி விடுறாரு.